போய்த் திரும்பும் புத்தகம்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், பாலாற்றைத் தாண்டுவதற்கு முன்னால் வருவது ஓரிக்கை. பெயருக்கு ஒரு கதை உண்டு. திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டான். சீடன் கிளம்ப, குருவும் கிளம்பினார். குரு கூப்பிட, திருவெஃகாவில் படுத்திருந்த பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அன்று இரவு அவர்கள் தங்கிய இடம் ஓரிரவிருக்கை. அது வாயில் தேய்ந்து ஓரிக்கை ஆனது. மன்னன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டதும் எல்லோரும் திரும்பினார்கள். திருவெஃகாவில் சொன்னவண்ணம் செய்த பெருமாள் இன்றைக்கும் மற்றத் தலங்களுக்கு எதிர்த்திசையில் பள்ளிகொண்டிருக்கிறார். போய்விட்டு வந்ததற்கு அதுவே அத்தாட்சி என்பார்கள்.

இந்தக் கதையை ஒரு நூலகரிடம் சொன்னால் அவர் காதில் வேறுமாதிரி விழும். இடத்தைவிட்டு ஒன்று வெளியே போனது, ஓர் இரவு வேறிடத்தில் இருந்தது, திரும்பி வந்தது, ஆனால் மாற்றி வைக்கப்பட்டுவிட்டது. அவருக்கு இது தினசரித் தலைவலி.

எனக்கு இந்த நினைப்பு வந்ததற்குக் காரணம், பட்டுக்குச் சாயமேற்றுவது பற்றிய ஒரு பழைய புத்தகம். எங்கள் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றில் தேடிப் போனேன். எந்த நூலகம் என்பது இங்கே வேண்டாம். நூலகர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். "இருக்குன்னுதான் சார் காட்டுது. யாரும் எடுத்துட்டுப் போகல." அடுக்கில் போய்ப் பார்த்தேன், இல்லை. அவரும் வந்து பார்த்தார், இல்லை. நூலகத்துக்குள்ளேயே ஒரு புத்தகம் தொலைய முடியுமா? முடியும். திருடு போவதைவிட அதிகமாக இப்படித்தான் தொலைகிறது என்றார் அவர்.

இருபதாயிரம் புத்தகங்கள் என்று வைத்துக்கொள்வோம். எண் வரிசையில் அடுக்கியிருந்தால், வேண்டிய புத்தகத்தைக் கண்டுபிடிக்க எத்தனை புத்தகங்களின் முதுகைப் பார்க்க வேண்டும்? நட்டநடுவில் ஒன்றைப் பாருங்கள். உங்கள் எண் அதைவிடச் சிறியதா, இடப்பக்கம் போங்கள், பெரியதா, வலப்பக்கம். ஒரே பார்வையில் பத்தாயிரம் புத்தகங்கள் கழிந்தன. மிச்சத்தின் நடுவில் ஒரு பார்வை, ஐயாயிரம் கழிந்தது. இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால், அதிகபட்சம் 15 பார்வை போதும். புத்தகங்கள் நாற்பதாயிரமாகப் பெருகினாலும் கூடுவது ஒரே ஒரு பார்வைதான். வரிசை என்கிற விஷயத்தின் மகிமை இது. அகராதி புரட்டுகிற குழந்தைக்குக்கூட இந்த வித்தை தெரியும், பெயர்தான் தெரியாது.

ஆனால் ஒரு புத்தகம் வரிசை தப்பி உட்கார்ந்துவிட்டால், அந்த ஒன்றுக்காக இருபதாயிரத்தையும் பார்த்தாக வேண்டும். அதைவிட மோசம், பதினைந்தாவது பார்வையில் "இல்லை" என்ற பதில் கறாராக வந்துவிடும். வரிசை பொய் சொல்லும்போதும் அதே நம்பிக்கையோடுதான் சொல்கிறது. எடுத்த புத்தகத்தை மேசையிலேயே விடுங்கள், அடுக்கில் வைக்காதீர்கள் என்று நூலகங்களில் எழுதி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சோம்பேறிக்குக் கொடுத்த சலுகை இல்லை.

ஒரு காலத்தில் புத்தகத்தின் விலாசம் சுவரைச் சேர்ந்ததாக இருந்தது. மேற்குச் சுவர், மூன்றாவது அலமாரி, இரண்டாவது தட்டு, ஏழாவது புத்தகம். ஒரு வசதி, ஒரு நரகம். வசதி, தேடவே வேண்டாம். நரகம், புதிதாக நாலு புத்தகம் வாங்கினால் அவற்றை வைக்க இடம் கடைசியில்தான்; அல்லது எல்லாவற்றுக்கும் விலாசம் மாற்ற வேண்டும். 1876இல் அமெரிக்காவில் மெல்வில் டூயி இதை உடைத்தார். அவர் எண் கொடுத்தது இடத்துக்கு இல்லை, விஷயத்துக்கு. பட்டுத் துணிக்கு 677.39 என்றால், அந்தப் புத்தகம் எந்த ஊரில் எந்த அலமாரியில் இருந்தாலும் 677.39தான். பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிரந்தரம். புள்ளிக்குப் பின்னால் எண்ணை நீட்டிக்கொண்டே போகலாம் என்பதால், இரண்டு புத்தகங்களுக்கு நடுவே எப்போதும் இடம் உண்டு. 677.39க்கும் 677.4க்கும் நடுவில் ஒரு நூலகத்தையே நுழைக்கலாம். (வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் தவறுவது இங்கேதான். 39 பெரிய எண், 4 சின்ன எண் என்று மாற்றி அடுக்கிவிடுவார்கள். தசமத்தில் 39தான் முன்னால்.)

டூயி உலகத்தைப் பத்தாகப் பிரித்தார், பத்தைப் பத்தாக, அதையும் பத்தாக. நம் ஊர்த் தறியை அதில் ஏற்றிப் பாருங்கள். துணி உற்பத்தி 677. சாயம் 667, இரண்டு எண்களும் ஒரு கைத்தவறலில் இடம் மாறிவிடும் என்பது வேறு. நெசவைக் கலையாகப் பார்த்தால் 746. நெசவாளியின் கூலி 331. சேலை உடையென்றால் 391. காஞ்சியின் பிள்ளையார்பாளையத்தில் ஒரே வீட்டுக்குள் நடக்கிற காரியம் நூலகத்துக்குள் ஐந்து இடங்களில் சிதறிக் கிடக்கிறது. கோயில் விஷயம் இன்னும் வேடிக்கை. 200 மதம். அதில் 220 தொடங்கி 280 வரை கிறித்துவத்துக்கு. இந்து மதம் முழுவதும் 294.5 என்கிற ஒரே ஒரு தசமத்துக்குள். காஞ்சியின் அத்தனை கோயிலையும் ஒற்றை அறை வீட்டில் குடிவைத்த மாதிரி. டூயி வாழ்ந்த ஊரில் அவர் அடுக்க வேண்டியிருந்த புத்தகங்கள் அப்படி.

இந்த அடைசலைப் பார்த்து எரிச்சல்பட்டவர் சீர்காழிக்காரர் ஒருவர். எஸ்.ஆர்.ரங்கநாதன், 1892இல் பிறந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வேலை பிடிக்கவில்லை. வகுப்புக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். முதலில் லண்டன் போய்ப் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம் என்றார்கள். போனார். அங்கே பெரிய கடையொன்றில் மெக்கானோ என்ற பொம்மையைப் பார்த்தார். துளையிட்ட தகடுகள், சக்கரங்கள், அச்சுகள், நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை ஒருவிதமாக முடுக்கினால் கிரேன், கழற்றி வேறுவிதமாக முடுக்கினால் வண்டி. கணக்கு வாத்தியாருக்குப் பொறிதட்டியது அங்கேதான்.

உலகத்து விஷயங்களை எல்லாம் முன்கூட்டியே பட்டியல் போட்டு எண் கொடுப்பது நடக்காத காரியம். புது விஷயம் தினமும் பிறக்கிறது. அதற்குப் பதில் துண்டுகளுக்கு மட்டும் எண் கொடுப்போம், புத்தகம் கையில் வந்ததும் துண்டுகளைக் கோத்துக்கொள்வோம். கோக்கிற போல்ட்டாக அவர் எடுத்துக்கொண்டது முக்காற்புள்ளி. 1933இல் வெளியான கோலன் பகுப்பு முறையின் பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

நூலகவியல் மாணவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது எழுதிப் பார்த்த உதாரணம் இது: எல்,45;421:6;253:எஃப்.44'என்5. பார்க்க மந்திரம் மாதிரி இருக்கிறது. உடைத்தால் எல் மருத்துவம், 45 நுரையீரல், 421 காசநோய், 6 சிகிச்சை, 253 எக்ஸ்ரே, எஃப் ஆராய்ச்சி, 44 இந்தியா, என்5 என்பது 1950. நுரையீரல் காசநோயை எக்ஸ்ரேயால் குணப்படுத்துவது குறித்து இந்தியாவில் 1950இல் நடந்த ஆராய்ச்சி. ஒரு வாக்கியமே முதுகு ஒட்டுச்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. இந்தியா என்கிற 44ஐ மட்டும் கழற்றி வேறு நாட்டின் எண்ணை மாட்டினால் வேறொரு புத்தகத்தின் விலாசம் தயார்.

ஆரம்பத்தில் எல்லாத் துண்டுக்கும் ஒரே முக்காற்புள்ளிதான். பிற்பாடு ரங்கநாதன் ஒவ்வொரு வகைத் துண்டுக்கும் ஒவ்வொரு குறி வைத்தார். எதைப் பற்றியது என்கிற மையக்கருத்துக்குக் காற்புள்ளி, அதன் பொருள் அல்லது பண்புக்கு அரைப்புள்ளி, செயலுக்கு முக்காற்புள்ளி, இடத்துக்கு முற்றுப்புள்ளி, காலத்துக்கு ஒரு மேற்கோள் கொம்பு. இந்த வரிசையைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கால், அரை, முக்கால், முழு. வேறு மொழிக்காரர்கள் மனப்பாடம் செய்து தொலைக்க வேண்டிய வரிசை நமக்குப் படியேறுவது போல வந்துவிடுகிறது. அவர் அதை நினைத்துத்தான் வைத்தாரோ இல்லையோ, தமிழ்க் காதுக்கு இது ஒரு லாபம்.

டூயியின் எண் கடையில் தொங்குகிற சேலை மாதிரி. இருப்பதில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ரங்கநாதன் கொடுத்தது தறியை. பாவு அப்படியே நிற்கிறது. எந்த நிற ஊடை குறுக்கே ஓடுகிறது என்பதைப் பொறுத்து உடல் மாறும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், உலகம் சேலையைத்தான் வாங்கியது. இன்றைக்கும் பல நாடுகளின் பொது நூலகங்களில் டூயியின் எண்தான் ஓடுகிறது. கோலன் எண் போட நல்ல பயிற்சி வேண்டும், ஒட்டுச்சீட்டில் எழுதக் கையும் வலிக்கும். ஆனால் அவருடைய யோசனை தோற்கவில்லை, வேறு வாசல் வழியாக வந்தது. ஆன்லைன் கடையில் சேலை தேடுகிறபோது பட்டு, அரக்கு நிறம், ஐயாயிரத்துக்குள், கோர்வை பார்டர் என்று ஒவ்வொன்றாக டிக் அடிக்கிறீர்கள் அல்லவா? சீர்காழிக்காரரின் துண்டுகளைத்தான் கோத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

தறி என்று உவமைக்காகச் சொன்னேன். நிஜமாகவே நூலகத்துக்கும் தறிக்கும் ஒரு ரத்த சம்பந்தம் இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் தறி வைத்திருக்கிற வீட்டுக்குள் போனால், தறியின் தலைக்கு மேல் ஒரு பெட்டி. அதிலிருந்து துளை போட்ட அட்டைகள் கயிற்றில் கோத்த மாலையாகத் தொங்கும். பிரான்சின் பட்டு நகரமான லியோனில் ஜக்கார்டு என்பவர் 1804 வாக்கில் அமைத்துக் கொடுத்த பொறி. காலால் மிதிக்கும்போது ஓர் அட்டை முன்னால் வந்து நிற்கும். துளை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், அதற்குரிய கொக்கி மேலே தூக்கும், பாவு இழை எழும்பும். துளை இல்லாத இடத்தில் இழை கிடந்தபடி கிடக்கும். எழுந்த இழைக்கும் கிடந்த இழைக்கும் நடுவே நாடா பறக்கும். அடுத்த மிதி, அடுத்த அட்டை. கரையில் நடந்து போகிற அன்னப்பட்சி முழுவதும் துளை, துளையில்லை, துளை என்று அட்டையில் எழுதி வைத்திருக்கிறது. ஓர் அட்டை இடம் மாறினால் அன்னத்தின் கழுத்து முறியும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் அட்டை மாலையைப் பார்ப்பதில்லை, சேலையின் பின்பக்கத்தைப் பார்க்கிறார்கள்.

இங்கேதான் ஒரு நூலகர் நுழைகிறார். ஜான் ஷா பில்லிங்ஸ், அமெரிக்க ராணுவ மருத்துவர். ராணுவத்தின் மருத்துவ நூலகத்தை முன்னின்று வளர்த்தவர். பிற்பாடு நியூயார்க் பொது நூலகத்தின் முதல் இயக்குநர். உலகத்தின் மருத்துவக் கட்டுரைகளை எல்லாம் அட்டை அட்டையாக எழுதிப் பிரித்துப் பிரித்துக் கை தேய்ந்த மனிதர். 1880இன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பிறப்பு இறப்புப் புள்ளிவிவரப் பகுதி அவர் பொறுப்பில் இருந்தது. அங்கே வேலை பார்த்த ஹெர்மன் ஹாலரித் என்ற இளைஞனிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தேநீர் மேசையில், இந்த எண்ணுகிற வேலைக்கு ஒரு இயந்திரம் இருக்க வேண்டாமா, ஆளுக்கு ஓர் அட்டை, விவரமெல்லாம் அட்டையில் வெட்டு என்று பேச்சு ஓடியது. யோசனை பில்லிங்ஸுடையது என்று ஹாலரித்தே பிற்காலத்தில் எழுதினார். பில்லிங்ஸ் அப்போது ஜக்கார்டு தறியைத்தான் உதாரணம் காட்டினார் என்றும் ஒரு நினைவுக்குறிப்பு உண்டு. 1890 கணக்கெடுப்பு துளையிட்ட அட்டையில் நடந்தது. ஹாலரித்தின் கம்பெனி வேறு சிலவற்றோடு சேர்ந்து, 1924இல் ஐபிஎம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ரங்கநாதன் வேண்டாவெறுப்பாக நூலகர் நாற்காலியில் உட்கார்ந்த அதே ஆண்டு.

அட்டை பிறந்த வீட்டுக்கும் திரும்பி வந்தது. 1936இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் பார்க்கர் என்ற நூலகர், யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார் என்பதைத் துளையிட்ட அட்டையில் பதிய ஆரம்பித்தார். பட்டுத் தறியிலிருந்து நூலகரின் தேநீர் மேசை, அங்கிருந்து கணக்கெடுப்பு, மறுபடி நூலகம். நெசவாளிக்கு இதில் ஒரு பைசா ராயல்டி போனதாகத் தெரியவில்லை.

இப்போதைய நிலவரத்துக்கு வருவோம். நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊர் நூலக அமைப்பு, 2000ஆம் ஆண்டு பிறந்தால் தன் பழைய மென்பொருள் படுத்துவிடும் என்று பயந்து, புதிதாக ஒன்றை எழுதச் சொல்லி, அதை உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டது. பெயர் கோஹா. மாவோரி மொழியில் அன்பளிப்பு என்று அர்த்தம். இந்தியக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் அதுதான் ஓடுகிறது. ஆனால் தமிழ்ப் புத்தகத்தை உள்ளே ஏற்றும்போது அன்பளிப்பும் முரண்டு பிடிக்கும்.

முதல் சிக்கல் பெயர். "குடும்பப் பெயர்" என்று ஒரு கட்டம் காத்திருக்கும். எஸ்.ஆர்.ரங்கநாதனின் எஸ் அவர் ஊர், ஆர் அவர் அப்பா ராமாமிருதம், ரங்கநாதன்தான் அவர். குடும்பப் பெயர் எங்கே இருக்கிறது? இந்திய நூலகவியலின் தந்தைக்கே கட்டத்தில் இடமில்லை. அடுத்தது எழுத்து. இராமலிங்கமா ராமலிங்கமா? ஜெயகாந்தனா செயகாந்தனா? இரண்டிலும் புத்தகங்கள் அச்சாகியிருக்கின்றன. ஒன்றைத் தட்டினால் மற்றது வராது, யாராவது உட்கார்ந்து இரண்டையும் முடிச்சுப் போட்டிருந்தாலொழிய.

மூன்றாவது சிக்கல் கண்ணுக்கே தெரியாது. யூனிகோடில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். கம்ப்யூட்டரிடம் சும்மா அடுக்கச் சொன்னால் அந்த எண் வரிசையில் அடுக்கும். அந்த வரிசையில் ந-வுக்கு அடுத்த வீட்டில் ன இருக்கிறது, ப-வுக்கும் முன்னால். நம் நெடுங்கணக்கில் ன கடைக்குட்டி. நாம் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்போம். அது ய, ர, ற, ல, ள, ழ, வ என்கிறது. க் என்பது க-வுக்கு முன்னால் வர வேண்டும். அங்கே க எழுதிப் புள்ளி வைத்ததாகக் கணக்கு, அதனால் கௌ-வுக்கும் பின்னால் போய் நிற்கும். இன்னும் ஒரு கூத்து: "கொ" என்று தட்டும்போது பின்னால் வருகிற ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டு எண்ணாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. இரண்டையும் ஒன்றாகப் பாவிக்கும்படி மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்காவிட்டால் அதற்கு அவை வேறு வேறு சொற்கள். கண்முன்னால் இருக்கிற "கொங்கு நாடு" தேடலில் கிடைக்காமல் போவது இப்படித்தான். சரிசெய்ய விதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு மென்பொருளிலும் யாரோ ஒருவர் அவற்றைப் போட வேண்டும். ஓலைச்சுவடியில் கண் கெடத் தேடிய தலைமுறைக்கு அடுத்த தலைமுறை எழுத்தின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறது.

பெரிய நூலகங்களில் புத்தகமே தன் பெயரைச் சொல்கிற ஏற்பாடும் வந்துவிட்டது. அட்டைக்கு உள்பக்கம் ஒரு ஒட்டுவில்லை. அதற்குள் சிக்குக்கோலம் போலச் சுற்றிச் சுற்றிப் போகிற மெல்லிய உலோகக் கம்பி, நடுவில் மிளகைவிடச் சின்ன சில்லு. பேட்டரி கிடையாது. 13.56 மெகாஹெர்ட்ஸில் அலை வீசுகிற ஒரு கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால், அந்த அலையிலிருந்தே கம்பிச்சுருள் மின்சாரம் எடுத்துக்கொண்டு, சில்லு விழித்து, தன் எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். அடுக்கின் ஓரமாகக் கருவியைத் தடவிக்கொண்டே நடந்தால் வரிசை தப்பிய புத்தகம் தானே காட்டிக்கொடுத்துவிடும். இரும்பு அலமாரி ஒட்டி இருந்தாலும், ஒல்லிப் புத்தகங்களின் வில்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேருக்கு நேர் விழுந்தாலும் கொஞ்சம் திணறும். அதனால் வில்லையை எல்லாப் புத்தகத்திலும் ஒரே உயரத்தில் ஒட்ட மாட்டார்கள்.

இதன் கடைசி எல்லை சிகாகோவில் இருக்கிறது. ரோஜா முத்தையா செட்டியார் கோட்டையூரில் சேர்த்துவைத்த தமிழ்ப் புத்தகங்களை வாங்கி, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக்கக் கைகொடுத்த அதே சிகாகோ பல்கலைக்கழகம், 2011இல் பூமிக்கு அடியில் ஒரு கிடங்கு திறந்தது. 35 லட்சம் புத்தகங்கள் கொள்ளும். எடுத்து வருவது இயந்திரக் கை. உள்ளே விஷய வரிசையே கிடையாது. உயரம் பார்த்து அடுக்கியிருக்கிறார்கள். சமையலுக்குப் பக்கத்தில் சமயம், அதற்குப் பக்கத்தில் சர்க்கஸ், மூன்றும் ஒரே உயரம். எந்தப் பெட்டியில் எது என்று கம்ப்யூட்டர் நினைவு வைத்துக்கொள்கிறது. டூயி உடைத்தெறிந்த சுவர் விலாசம் ஒரு முழுச் சுற்று சுற்றி வந்துவிட்டது. இடம் மிச்சம், நேரம் மிச்சம். ஒன்றுதான் போச்சு. ஒரு புத்தகத்தைத் தேடிப் போய், அதற்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றைத் தற்செயலாக எடுத்து, அதிலேயே விழுந்து கிடக்கும் மதியம். அந்த மதியத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புத்தகமே வாசகரைத் தேடிப் போன காலமும் உண்டு. மன்னார்குடிப் பக்கத்தில் 1931 அக்டோபரில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போனார்கள். அதைத் தொடங்கிவைத்தவரும் ரங்கநாதன்தான். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்து, நம் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது அவர் விடாமல் முட்டியதால். அந்த வரியில் வாங்கிய நாற்காலிகளில் இப்போது கிளை நூலகங்களில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் போட்டித் தேர்வுப் பிள்ளைகள். புத்தகத்தை அவர்களே கொண்டுவருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது மின்விசிறிக்குக் கீழே ஓர் இருக்கை, தண்ணீர், தொல்லை செய்யாத ஒரு நாள். நூலகர்கள் புத்தகத்துக்கு இடம் தேடுவதா நாற்காலிக்கு இடம் தேடுவதா என்று முழித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் தேடிப் போன அன்றும் கால் வைக்க இடமில்லை.

என் சாயப் புத்தகத்துக்கு வருகிறேன். அந்தக் கிளையில் வில்லையும் இல்லை, அலை வீசும் கருவியும் இல்லை. மறு வாரம் போனேன். நூலகர் 667ஐ முடித்துவிட்டு, எண் மாறிப் போயிருக்குமோ என்று 677ஐயும் விரல் வைத்துப் பார்த்து முடித்திருந்தார். நெசவை 746இலும் பார்த்தாயிற்று. கடைசியில் மறுபடி 667க்கே வந்து குனிந்தார். நான் மூன்றுமுறை பார்த்த அதே தட்டு. இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே எண் ஒட்டிய முதுகு தெரியாமல், தாளின் பழுப்பு விளிம்பு மட்டும் வெளியே பார்த்தபடி ஒன்று இருந்தது. உருவினார்.

"இங்கேயேதான் சார் இருந்திருக்கு. திரும்பிப் படுத்திருக்கு."